நாளைய எண் எங்கே போய் நிற்கும்? மீள்வரு தொடர்வரிசையின் எல்லையைக் காணும் வழி

மொரீசியஸில் எச்.எஸ்.சி. என்ற பள்ளி இறுதித் தேர்வுக்குக் கணக்கு எடுத்த பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி நன்றாகப் பழகியிருக்கும். ஒரு விதியும் ஒரு தொடக்க எண்ணும் கொடுத்திருப்பார்கள். விதியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, எண்கள் எதை நெருங்குகின்றன என்று இரண்டு தசம இடத்துக்குத் திருத்தமாகச் சொல்லச் சொல்வார்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கும்: அந்த எண் எந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வு என்று எழுதி, அதன் சரியான மதிப்பைக் காண்க. கேம்பிரிட்ஜின் மூன்றாம் தாளில் அடிக்கடி வருகிற கேள்விதான்.

பிள்ளைகள் இதை மளமளவென்று போட்டுவிடுகிறார்கள். சமன்பாட்டின் இரண்டு பக்கத்திலும் ஒரே எழுத்தை எழுதி, தீர்த்து, கோடு போட்டு முடித்துவிடுகிறார்கள். மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. ‘ஏன் இரண்டு பக்கமும் ஒரே எழுத்து?’ என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிறது. வகுப்பில் ஆங்கிலத்தில் எழுதி, கிரியோலில் சந்தேகம் கேட்டு, வீட்டில் பாட்டியோடு தமிழில் பேசும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். நம் ரூபாய் நோட்டில் தமிழ் எண்கள் அச்சாகும் நாட்டில், எண்களைப் பற்றிய இந்த விஷயத்தைத் தமிழிலும் நிதானமாக ஒருமுறை பேசிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம். பாடநூல்கள் எழுத்துக்கு அடியில் சின்ன எழுத்து போட்டு எழுதுவதை நான் இங்கே ‘இன்று’, ‘நாளை’ என்ற இரண்டு சொற்களால் எழுதுகிறேன். இப்போது கையில் இருக்கும் உறுப்பு ‘இன்று’. விதி அதிலிருந்து உண்டாக்கித் தரும் அடுத்த உறுப்பு ‘நாளை’. ஒவ்வொரு உறுப்பும் தனக்கு முந்தையதிலிருந்து பிறக்கும் வரிசைதான் மீள்வரு தொடர்வரிசை. அது எந்த எண்ணை நெருங்கிக்கொண்டே போகிறதோ அந்த எண் அதன் எல்லை. அதை ‘எ’ என்று எழுதுவோம்.

மொட்டை மாடித் தொட்டி

நவம்பர், டிசம்பர் மாதங்களில் மழை இன்னும் பிடித்திருக்காது. குழாயில் இரவில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். மாடியில் 1000 லிட்டர் தொட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இருக்கும் தண்ணீரில் பாதியை வீட்டார் பகலில் செலவழிக்கிறார்கள். இரவில் 300 லிட்டர் ஏறுகிறது. ஆக,

நாளை = ½ × இன்று + 300

தொட்டி நிரம்பியிருக்கும் காலையில் தொடங்கினால் வரிசை இப்படிப் போகும்: 1000, 800, 700, 650, 625, 612.5, 606.25. காலித் தொட்டியோடு தொடங்கினால் 0, 300, 450, 525, 562.5, 581.25. ஒன்று மேலிருந்து இறங்குகிறது, மற்றொன்று கீழிருந்து ஏறுகிறது. இரண்டும் 600-ஐ நோக்கித்தான் போகின்றன.

600-க்கு அப்படி என்ன சிறப்பு? காலையில் 600 லிட்டர் இருந்தால் பகலில் 300 போகும், இரவில் 300 வரும், மறுநாளும் 600-தான் இருக்கும். விதி அந்த எண்ணை அசைப்பதில்லை. இப்படிப்பட்ட எண்ணுக்கு நிலைப்புள்ளி என்று பெயர். அதைக் கண்டுபிடிக்க நாளையும் இன்றும் சமம் என்று வைத்தால் போதும்: எ = ½எ + 300, ஆகவே எ = 600.

இதில் பலர் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்று உண்டு. 600-இல் நின்றால் நகராது என்பது ஒரு செய்தி. வேறு எங்கே தொடங்கினாலும் 600-க்கு வந்து சேரும் என்பது இன்னொரு செய்தி. சமன்பாடு முதலாவதை மட்டும்தான் சொல்லியிருக்கிறது. இரண்டாவதற்கு நாம் தனியாக உழைக்க வேண்டும். 600-இலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்று பாருங்கள்:

நாளை − 600 = ½ × இன்று + 300 − 600 = ½ × (இன்று − 600)

இடைவெளி ஒவ்வொரு நாளும் சரிபாதியாகிறது. 400, 200, 100, 50, 25 என்று குறைந்து, பத்து இரவு கழிந்தால் 400-ஐ 1024-ஆல் வகுத்தது, அதாவது அரை லிட்டருக்கும் குறைவு. இதற்குப் பிறகுதான் ‘எல்லை 600’ என்று சொல்லும் உரிமை நமக்கு வருகிறது.

இரண்டு பக்கமும் ஒரே எழுத்து ஏன்

வரிசை எ-ஐ நெருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ‘இன்று’ எ-ஐ நெருங்குகிறது. ‘நாளை’யும் அதே வரிசையின் உறுப்புதான், ஓர் இடம் தள்ளி நிற்கிறது, அவ்வளவே. ஆகவே அதுவும் எ-ஐத்தான் நெருங்குகிறது. விதியில் திடீர்த் தாவல் எதுவும் இல்லையென்றால் (நாம் பள்ளியில் பார்க்கும் விதிகள் பெரும்பாலும் அப்படித்தான்), இரண்டு பக்கமும் எல்லைக்குப் போகும்போது இன்று இருந்த இடத்திலும் நாளை இருந்த இடத்திலும் எ வந்து உட்காருகிறது. மாயம் ஒன்றுமில்லை.

இந்த வாதத்தின் முதல் வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். ‘வரிசை எ-ஐ நெருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.’ மற்ற எல்லாமே அந்த வாக்கியத்தின் மேல்தான் நிற்கின்றன. எல்லை என்று ஒன்று இருந்தால், அது இந்தச் சமன்பாட்டின் தீர்வுகளில் ஒன்றாக இருந்தாக வேண்டும். இருக்கிறதா இல்லையா என்று சமன்பாடு வாய் திறக்காது.

இது வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்காக மூன்று விதிகள்.

முதலாவது, நாளை = 1 + 2 × இன்று. 1-இல் தொடங்குவோம்: 1, 3, 7, 15, 31, 63. வளர்ந்துகொண்டே போகிறது, எங்கும் நிற்கப் போவதில்லை. ஆனால் எ = 1 + 2எ என்று எழுதிப் பாருங்கள். எ = −1 என்று சமன்பாடு தயங்காமல் விடை சொல்கிறது. மிகையெண்கள் மட்டுமே உள்ள, ஏறிக்கொண்டே இருக்கும் வரிசைக்கு −1 எல்லையாம்! அந்த −1 பொய்யான எண் அல்ல. அது உண்மையான நிலைப்புள்ளிதான், −1-இல் தொடங்கினால் −1-இலேயே இருப்பீர்கள். வேறு எங்கே தொடங்கினாலும் இடைவெளி நாளுக்கு நாள் இரட்டிக்கும் என்பதுதான் சிக்கல்.

இரண்டாவது, நாளை = 3 − இன்று. 1-இல் தொடங்கினால் 1, 2, 1, 2 என்று ஆடிக்கொண்டே இருக்கும். சமன்பாடு 1.5 என்கிறது. வரிசை ஒருநாளும் அந்தப் பக்கம் போவதில்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, கால்குலேட்டரை மட்டும் நம்புகிறவர்கள் சரியாக மாட்டிக்கொள்ளும் இடம்:

நாளை = இன்று + 1/இன்று

1-இல் தொடங்கினால் 1, 2, 2.5, 2.9, 3.2448… அடிகள் சிறுத்துக்கொண்டே வருகின்றன. ஐயாயிரமாவது உறுப்புக்குப் போய்ப் பார்த்தால் அது 100-ஐ ஒட்டி நிற்கும், ஓர் அடிக்கு 0.01 அளவுதான் நகரும். திரையைப் பார்ப்பவருக்கு ‘நின்றுவிட்டது’ என்றே தோன்றும். நிற்கவில்லை. இரண்டு பக்கத்தையும் வர்க்கமாக்கிப் பாருங்கள்:

நாளை² = இன்று² + 2 + 1/இன்று²

வர்க்கம் ஒவ்வொரு அடியிலும் 2-க்கு மேல் கூடுகிறது. ஒவ்வொரு முறையும் குறைந்தது 2 ரூபாய் விழும் உண்டியலுக்கு உச்சவரம்பு ஏது? ஐந்து லட்சமாவது உறுப்புக்கு வரும்போது அது 1000-ஐயும் கடந்திருக்கும். பிறகு எந்தப் பெரிய எண்ணைச் சொன்னாலும் ஒருநாள் அதையும் கடக்கும். இந்த இடத்தில் சமன்பாடு நேர்மையாகத்தான் நடந்துகொள்கிறது. எ = எ + 1/எ என்றால் 1/எ = 0, அப்படி ஓர் எண்ணே கிடையாது. எல்லை இல்லை என்பதற்கு அதுவே சான்று. ஆக, அடி சிறுத்துப்போவதும் எல்லை இருப்பதும் ஒன்றல்ல. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஏறிக்கொண்டே போகலாம், ஆனால் கூரையைத் தாண்ட முடியாது

எச்.எஸ்.சி. தாளில் ‘இந்த வரிசை எ-க்கு ஒருங்குகிறது’ (அதாவது, எ-தான் அதன் எல்லை) என்று கேள்வியிலேயே எழுதிவிடுகிறார்கள். அதனால் மேலே சொன்ன முதல் வாக்கியத்தை நாம் நிறுவ வேண்டியதில்லை, பரிசாகக் கிடைத்துவிடுகிறது. விமானத்தில் முக்கால் மணி நேரத்தில் போய் இறங்கும் பிரெஞ்சுத் தீவான ரியூனியனில் நிலைமை வேறு. அங்கே பாக்கலோரெயா என்ற பிரெஞ்சுப் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகள் எல்லை இருக்கிறது என்பதைத் தாங்களே நிறுவிவிட்டுத்தான் அதன் மதிப்பைக் கேட்கும் வரிக்கு வர முடியும். அந்த வழியை நம் பிள்ளைகளும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல்கலைக்கழகத்தின் முதல் ஆண்டிலேயே அது தேவைப்படும்.

வழி இதுதான். ஒரு வரிசை ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் ஒரு குறிப்பிட்ட எண்ணை ஒருபோதும் தாண்டுவதில்லை என்றால், அதற்கு எல்லை உண்டு. இறங்கிக்கொண்டே வந்து, ஓர் எண்ணுக்குக் கீழே போகாத வரிசைக்கும் அப்படியே. இது மெய்யெண்களின் அடிப்படைப் பண்பு. எண்கோட்டில் ஓட்டை இல்லை என்பதைத்தான் இது வேறு விதமாகச் சொல்கிறது.

செய்து பார்ப்போம். நாளை = √(2 + இன்று), தொடக்கம் 1. எண்கள்: 1, 1.7321, 1.9319, 1.9829, 1.9957, 1.9989. கண்ணுக்கு 2 தெரிகிறது. கண்ணை நம்பாமல் நிறுவுவோம்.

முதலில் கூரை. இன்று 2-ஐவிடச் சிறியது என்றால், 2 + இன்று என்பது 4-ஐவிடச் சிறியது, அதன் வர்க்கமூலம் 2-ஐவிடச் சிறியது. ஆகவே நாளையும் 2-ஐவிடச் சிறியது. தொடக்கமான 1 கூரைக்குக் கீழேதான் இருக்கிறது. அதனால் அடுத்தது, அதற்கடுத்தது என்று எல்லாமே கீழேதான் இருக்கும். கணிதத் தொகுத்தறிதல் என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். மீள்வரு வரிசைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அது பொருந்துவதற்குக் காரணம், வரிசையே அடுத்ததை முந்தையதிலிருந்து பெறுவதுதான்.

அடுத்து ஏற்றம். நாளை இன்றைவிடப் பெரியதா? இரண்டும் மிகையெண்கள், ஆகவே வர்க்கங்களை ஒப்பிட்டால் போதும்:

நாளை² − இன்று² = 2 + இன்று − இன்று² = (2 − இன்று) × (1 + இன்று)

முதல் அடைப்புக்குள் இருப்பது மிகை, கூரைக்குக் கீழே இருக்கிறோம் அல்லவா. இரண்டாவதும் மிகை. எனவே வரிசை ஏறுகிறது. ஏறுகிறது, கூரையும் இருக்கிறது, ஆகவே எல்லை உண்டு. இப்போது உரிமையோடு எ = √(2 + எ) என்று எழுதலாம். வர்க்கமாக்கினால் எ² − எ − 2 = 0, தீர்வுகள் 2, −1. வர்க்கமூலத்திலிருந்து வந்த எண்கள் குறையெண்ணை நெருங்க முடியாது. எல்லை 2.

கூரையாக 2-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எப்படித் தெரிந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள், நல்ல கேள்வி. சமன்பாட்டை முதலில் திருட்டுத்தனமாகத் தீர்த்துப் பார்த்துவிட வேண்டும்! வெள்ளைத்தாளில் தீர்த்து 2 என்று தெரிந்துகொண்டு, பிறகு விடைத்தாளில் 2-ஐக் கூரையாக வைத்து நிறுவ வேண்டும். கண்டுபிடிக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 7-இலிருந்து தொடங்கினால் 3, 2.2361, 2.0582, 2.0145 என்று இறங்கும். அப்போது அதே 2 தரையாகிவிடும்.

இதே வரிசைக்குள் ஓர் அழகு ஒளிந்திருக்கிறது. 1 என்பது 2 காஸ் 60° (காஸ் என்பது கொசைன்). இரட்டைக் கோண வாய்ப்பாட்டைப் போட்டுப் பார்த்தால், 2 காஸ் வடிவில் உள்ள எண்ணுக்கு இந்த விதி செய்வது கோணத்தைப் பாதியாக்குவது மட்டுமே. 60°, 30°, 15°, 7.5°… கோணம் பூச்சியத்துக்குப் போகிறது, எண் 2 காஸ் 0°-க்கு, அதாவது 2-க்குப் போகிறது. இரண்டு வெவ்வேறு பாடங்கள் ஒரே இடத்தில் கைகுலுக்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

எது இழுக்கும், எது தள்ளும்

எ² − எ − 2 = 0 என்ற அதே சமன்பாட்டை எ = எ² − 2 என்றும் எழுதலாம். அதிலிருந்து நாளை = இன்று² − 2 என்று விதி செய்தால்? நிலைப்புள்ளிகள் அதே 2, −1 தான். 2-க்கு மிக அருகில், 1.9-இல் தொடங்குங்கள்: 1.61, 0.5921, −1.6494, 0.7206, −1.4808… சிதறிப் போகிறது. ஒரே சமன்பாடு, ஒரே தீர்வுகள். ஒரு விதி வரிசையைத் தீர்வுக்கு இழுக்கிறது, மற்றது தள்ளிவிடுகிறது. (கோணத்தின் மொழியில் காரணம் உடனே தெரியும்: இந்த விதி கோணத்தை இரட்டிக்கிறது.)

எந்த விதி இழுக்கும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு சோதனை இருக்கிறது. விதியின் வரைபடத்தை வரையுங்கள். கூடவே, நாளையும் இன்றும் சமமாக இருக்கும் புள்ளிகளின் நேர்கோட்டையும் வரையுங்கள், அது 45° சாய்வில் போகும். வளைவும் கோடும் வெட்டுமிடம் நிலைப்புள்ளி. தொடக்க எண்ணிலிருந்து நேராக மேலே அல்லது கீழே போய் வளைவைத் தொடுங்கள், அங்கிருந்து பக்கவாட்டில் போய்க் கோட்டைத் தொடுங்கள், மறுபடி வளைவு, மறுபடி கோடு. பென்சில் படிக்கட்டாகவோ சிலந்தி வலையாகவோ ஒரு வடிவத்தை வரையும். அது வெட்டும் புள்ளிக்குள் சுருங்கினால் ஒருங்குகிறது, வெளியே விரிந்தால் இல்லை.

சுருங்குமா விரியுமா என்பதைத் தீர்மானிப்பது நிலைப்புள்ளியில் வளைவின் சாய்வு. அருகில் நின்று பார்த்தால் எந்த வளைவும் நேர்கோடு போலத்தான் தெரியும். சாய்வு ½ என்றால் 0.1 ஆக இருந்த இடைவெளி நாளை ஏறக்குறைய 0.05 ஆகும். சாய்வு 4 என்றால் அது 0.4 ஆகும். ஆகவே குறியை விட்டுவிட்டுப் பார்க்கையில் சாய்வு 1-ஐவிடச் சிறியதாக இருந்தால், போதிய அருகில் தொடங்கும் வரிசை உள்ளே இழுக்கப்படும். 1-ஐவிடப் பெரியது என்றால் வெளியே தள்ளப்படும். சரியாக 1 என்றால் இந்தச் சோதனை கைவிரிக்கும், வேறு வழி பார்க்க வேண்டும். இன்று² − 2 என்பதன் வகைக்கெழு, அதாவது அதன் சாய்வு, 2 × இன்று. 2-இல் அதன் மதிப்பு 4. தொட்டியின் விதிக்குச் சாய்வு எங்கும் ½. சாய்வு குறையெண்ணாக இருந்தால் வரிசை எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தாவித் தாவி வரும், வலை போன்ற படம் அப்போதுதான் கிடைக்கும்.

இதைக் கையாலேயே உணர ஒரு விளையாட்டு. கால்குலேட்டரை ரேடியனில் வையுங்கள். 1 என்று தட்டி சமன் குறியை அழுத்துங்கள். பிறகு காஸ், ஆன்ஸ் (கடைசி விடையைத் தரும் பொத்தான்) என்று தட்டி, சமன் குறியை அழுத்திக்கொண்டே இருங்கள். 0.5403, 0.8576, 0.6543, 0.7935, 0.7014 என்று மேலும் கீழும் ஆடி, கடைசியில் 0.7391-இல் அமரும். எ = காஸ் எ என்ற சமன்பாட்டின் தீர்வு அது. சாய்வு அங்கே −0.67 அளவு, அதனால்தான் இவ்வளவு மெதுவான ஆட்டம்.

டிகிரியில் வைத்து இதையே செய்தால் முதல் அழுத்தலிலேயே 0.9998 என்று நின்றுவிடும். பிள்ளைகள் பலர் இதைப் பார்த்து கால்குலேட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். கெடவில்லை. டிகிரியில் காஸ் வளைவு கிட்டத்தட்ட தட்டையானது, அந்த இடத்தில் சாய்வு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. வேறு விதி, வேறு எல்லை. ஆனால் தேர்வில் இந்த ஒரு பொத்தானால் முழுக் கேள்வியும் போய்விடும், ஆகவே தாளைத் திறந்ததும் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

தேர்வுத்தாளில் வரும் வடிவம்

இப்போது கேள்வித்தாள் பாணியில் ஒன்றை முழுதாகச் செய்வோம். விதி: நாளை = இன்று/2 + 5/இன்று². தொடக்கம் 2. எல்லையை இரண்டு தசம இடத்துக்குத் திருத்தமாகக் காண்க, ஒவ்வொரு உறுப்பையும் நான்கு தசம இடங்களில் எழுதுக.

2 என்று தட்டி சமன் குறி. பிறகு விதியை ஒரே வரியாக, ‘இன்று’ வரும் இடத்திலெல்லாம் ஆன்ஸ் பொத்தானைப் போட்டுத் தட்டுங்கள். அதன்பிறகு சமன் குறியை மட்டும் அழுத்தினால் போதும். திரையில் வருவதை நான்கு இடத்துக்குச் சுருக்கித் தாளில் எழுதலாம், ஆனால் சுருக்கிய எண்ணை மறுபடி உள்ளே போடக்கூடாது. முழு எண்ணும் ஆன்ஸில் பத்திரமாக இருக்கிறது.

2.0000, 2.2500, 2.1127, 2.1766, 2.1437, 2.1599, 2.1517, 2.1558, 2.1538, 2.1548, 2.1543

எங்கே நிறுத்துவது? 2.1517 வந்ததும் ‘2.15’ என்று எழுதி முடிப்பவர்கள் உண்டு. அடுத்ததைப் பாருங்கள், 2.1558, அதைச் சுருக்கினால் 2.16. இன்னும் முடிவாகவில்லை. 2.1538-உம் 2.1548-உம் வந்த பிறகுதான் நிம்மதி. வரிசை தாவித் தாவி வருவதால் எல்லை எப்போதும் அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவில் இருக்கிறது, நடுவில் உள்ள எந்த எண்ணைச் சுருக்கினாலும் 2.15 தான். ஒரே பக்கமாக ஏறி வரும் வரிசையில் இந்த வசதி கிடையாது, அங்கே இன்னும் சில அடிகள் போய்ப் பார்ப்பது நல்லது.

சரியான மதிப்பு: எ = எ/2 + 5/எ². எ/2 = 5/எ², எ³ = 10. எல்லை பத்தின் கனமூலம். சாய்வு ½ − 10/எ³, அதாவது ½ − 1 = −½. இடைவெளி ஒவ்வொரு அடியிலும் பாதியாகி, பக்கமும் மாறுகிறது. மேலே உள்ள எண்களில் அது அப்படியே தெரிகிறது.

பத்தின் கனமூலத்துக்கு இதைவிட வேகமான விதியும் உண்டு: நாளை = (2 × இன்று)/3 + 10/(3 × இன்று²). அதே 2-இல் தொடங்கினால் 2.1667, 2.1545, 2.1544. மூன்றே அடி! காரணம், நிலைப்புள்ளியில் இதன் சாய்வு ⅔ − ⅔, அதாவது பூச்சியம். இடைவெளி பாதியாகவோ கால்வாசியாகவோ அல்ல, ஏறக்குறைய தன் வர்க்கத்தின் அளவுக்குச் சுருங்குகிறது. நியூட்டன் முறை என்று மேல்வகுப்பில் படிப்பது இதுதான்.

வர்க்கமூலத்துக்கான வடிவம் இன்னும் எளிது: நாளை = ½ × (இன்று + 2/இன்று). எல்லை √2. அலெக்சாந்திரியாவின் ஹீரோன் கி.பி. முதல் நூற்றாண்டில் இந்த முறையை எழுதிவைத்தார். 4/3-இல் தொடங்கிப் பின்னமாகவே கணக்கிடுங்கள். முதல் அடியில் 17/12, இரண்டாவதில் 577/408. அதைத் தசமமாக்கினால் 1.414215…, √2-இன் முதல் ஐந்து தசம இடங்களும் சரி. இதே 577/408 பௌதாயனரின் சுல்ப சூத்திரத்தில் இருக்கிறது. வேள்விக்குண்டம் கட்ட அளவு சொல்லும் அந்த நூல், சதுரத்தின் மூலைவிட்டத்துக்கு ஒன்றும், மூன்றில் ஒன்றும், அந்த மூன்றிலொன்றின் நான்கில் ஒன்றும் கூட்டி, அந்தக் கடைசிப் பங்கின் முப்பத்துநான்கில் ஒன்றைக் கழிக்கச் சொல்கிறது. 1 + 1/3 + 1/12 − 1/408. கூட்டிப் பாருங்கள், 577/408 வந்து நிற்கும்.

ராமானுஜன் கேட்ட கேள்வி

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் வாசகர்களுக்கு ஒரு கேள்வி வைத்தார். இதன் மதிப்பு என்ன?

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

விடை 3. வழி சிறுபிள்ளைக்கும் புரியும்: 3² = 1 + 2 × 4, 4² = 1 + 3 × 5, 5² = 1 + 4 × 6, இப்படியே. 3-ஐ √(1 + 2 × 4) என்று எழுதி, உள்ளே உள்ள 4-ஐ √(1 + 3 × 5) என்று எழுதி, 5-ஐ விரித்து, முடிவில்லாமல் போகலாம்.

ஆனால் கொஞ்சம் பொறுங்கள். 4-இல் தொடங்கியும் இதையே செய்யலாமே! 4² = 1 + 2 × 7.5. 7.5² = 56.25 = 1 + 3 × 18.4166… இதையும் விரித்துக்கொண்டே போனால் அதே வர்க்கமூல அடுக்கு வருகிறது. அப்படியென்றால் விடை 4-ஆ? விரிப்பது மட்டும் எதையும் நிறுவாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அடுக்கை ஏதோ ஓர் ஆழத்தில் வெட்டி, வெட்டிய இடத்தில் 1 என்று வைத்து மதிப்பிட வேண்டும். ஆழம் கூடக் கூட 1, 1.7321, 2.2361, 2.5598, 2.7551 என்று ஏறுகிறது. 3-இன் விரிவில் அந்த இடத்தில் இருந்த பெரிய எண்ணுக்குப் பதிலாக 1-ஐ வைத்திருப்பதால், ஒருபோதும் 3-ஐத் தாண்டாது. ஏற்றமும் இருக்கிறது, கூரையும் இருக்கிறது, எல்லை உண்டு. அது கூரைக்குச் சற்றுக் கீழே நின்றுவிடாமல் 3-ஐயே தொடுகிறது என்பதற்கு இடைவெளியை அளக்கும் இன்னோர் அடி வேண்டும். 4 என்ற போட்டியாளர் இந்தக் கட்டத்திலேயே வெளியேறிவிட்டார்.

கையோடு செய்து பார்க்க இரண்டு. நாளை = 1 + 6/இன்று, தொடக்கம் 1: நிலைப்புள்ளிகள் இரண்டு கிடைக்கும். எது இழுக்கும் என்று வரிசையைக் கணக்கிடுவதற்கு முன்பே சாய்வைக் கொண்டு சொல்லுங்கள். அடுத்து, நாளை = ½ × (இன்று + 5/இன்று) என்ற விதியை −1-இல் தொடங்குங்கள். விடை √5 என்று எழுதுவதற்கு முன், முதல் இரண்டு உறுப்புகளின் குறியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.